தோல் இல்லாத காலணி: மேல்புறம் பார்த்தால் போதாது, அடியையும் கேளுங்கள்

வீகன் ஷூ, அதாவது விலங்கிலிருந்து வந்த எதுவும் கலக்காத ஷூ, வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "இது தோலா?" என்றுதான். "இல்லை சார், பி.யூ. லெதர்" என்று பதில் வந்தால் பாதிப் பேர் திருப்தியாகிவிடுவார்கள். அது பதிலே இல்லை. பி.யூ. லெதர் என்ற பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, துணியின் மேல் பாலியூரித்தேன் (சுருக்கமாக பி.யூ.) என்ற பிளாஸ்டிக் பூசியது. அதில் மாடும் இல்லை, ஆடும் இல்லை. இன்னொன்று, மாட்டுத்தோலைத் தடிமன் வாக்கில் பிளந்து, மேல் அடுக்கை நல்ல விலைக்கு விற்றபின் மிஞ்சும் அடி அடுக்கின் மேல் அதே பாலியூரித்தேனைப் பூசியது. தொழிலில் இந்த அடி அடுக்கை ஸ்ப்ளிட் என்பார்கள். கண்ணாடி அலமாரியில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி மின்னும். பாண்டட் லெதர் என்பது மூன்றாவது வம்பு: தோல் வெட்டும்போது விழும் கழிவை அரைத்து, பசையில் பிசைந்து, தகடாக்கியது. அதுவும் தோல்தான்.

ஆக, வீகன் காலணியில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. விலங்கு உள்ளே இருக்கிறதா என்பது ஒன்று. நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் எத்தனை வருஷம் தாங்கும் என்பது மற்றொன்று. விளம்பரங்கள் முழுக்க முதல் கேள்வியைச் சுற்றியே ஓடுகின்றன. வாங்கியவர் ஏமாறுவது பெரும்பாலும் இரண்டாவதில்.

நான்கு படங்கள்

ஐரோப்பாவில் விற்கும் காலணிகளுக்கு 1994-இல் வந்த ஒரு விதி உண்டு. மேல்புறம், லைனிங்கும் உள்ளட்டையும், அடிப்பாகம் என்று மூன்று பகுதிகளுக்கும் எந்தப் பொருள் என்பதைப் படமாகக் குறிக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்குத் தைக்கிற ஷூக்களிலும், இங்கே கிடைக்கும் வெளிநாட்டு பிராண்டுகள் பலவற்றிலும் இந்தச் சின்னங்களை ஒட்டுத்தாளில் பார்க்கலாம். விரித்த தோலின் உருவம் இருந்தால் தோல். அந்தத் தோல் உருவத்துக்குள் ஒரு டைமண்ட் இருந்தால் மேலே பூச்சு போட்ட தோல். அதாவது மேலே சொன்ன ஸ்ப்ளிட் வகையறா. பின்னல் கட்டம் இருந்தால் துணி, பருத்தியானாலும் பாலியஸ்டரானாலும். வெறும் டைமண்ட் மட்டும் இருந்தால் மற்ற பொருள்: ரப்பர், பிளாஸ்டிக், செயற்கைத் தோல். மூன்று பகுதிகளிலும் கட்டமோ வெறும் டைமண்டோ இருந்தால் பெரும்பாலும் தேறிவிட்டீர்கள்.

பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், ஒரு பகுதியின் பரப்பில் (அடிப்பாகம் என்றால் கன அளவில்) 80 சதவீதம் எந்தப் பொருளோ அதைக் குறித்தால் போதும் என்பதுதான் விதி. மீதி 20-இல் குதிகால் பட்டையாக ஒரு துண்டுத் தோல் இருந்தாலும் சின்னம் காட்டிக்கொடுக்காது.

சின்னம் இல்லாத ஷூவுக்கு வெட்டு விளிம்பு இருக்கிறது. நாக்குப் பகுதியின் ஓரத்தையோ, லேஸ் துளைக்குப் பின்புறத்தையோ வெளிச்சத்தில் பாருங்கள். மேலே மெல்லிய படலம், கீழே நெய்த நூல் தெரிந்தால் துணி மேல் பூச்சு. பஞ்சை அழுத்தியது போல மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக, நூல் வரிசை எதுவுமின்றி இருந்தால் மைக்ரோஃபைபர் என்ற நுண்ணிழைச் செயற்கைத் தோல். இழைகள் ஒழுங்கில்லாமல் தடித்தும் மெலிந்தும் பிசிறிக்கொண்டு நின்றால் தோல். விளிம்பை மடித்துத் தைத்திருந்தால் இந்தச் சோதனை நடக்காது. அப்போது உள்ளட்டையைத் தூக்கிப் பாருங்கள். அடியில் தையல் ஓரம் எங்காவது தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களும் உண்டு. மேல்புறம் செயற்கையாக இருந்து உள்ளே பன்றித்தோல் லைனிங் போட்ட ஃபார்மல் ஷூக்கள் வருகின்றன. நுண்துளைகள் மும்மூன்றாகக் கூடி நின்றால் அது பன்றித்தோல். குதிகால் விறைப்புக்கு உள்ளே வைக்கும் கவுண்டர் இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக், சிலதில் தோல்தூள் அட்டை. கார்க் பாதப்படுகை உள்ள செருப்புகளில் கார்க்கின் மேல் பாதம் படும் அடுக்கு வழக்கமாக ஸ்வேடு தோல். வீகன் என்று தனியாகக் குறித்த ரகத்தில்தான் அது மைக்ரோஃபைபராக மாறுகிறது. பசையைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள், அது தேவையில்லை. எலும்புப் பசையின் காலம் போய்விட்டது. ஷூ ஆலைகளில் ஓடுவது பாலிகுளோரோபிரீன், பாலியூரித்தேன் பசைகள்.

கடுமையாகப் பார்க்கிறவர்களுக்கு ஒரு முடிச்சு: ரப்பர் சோல் வேகவைக்கும் கலவையில் 100 பங்கு ரப்பருக்கு 1 அல்லது 2 பங்கு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். அது பாமாயிலிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ஷூவைப் பார்த்துச் சொல்லவே முடியாது. 1944-இல் வீகன் என்ற சொல்லையே உருவாக்கியவர்களின் வீகன் சொசைட்டி போன்ற அமைப்புகள் தரும் முத்திரைக்கு மதிப்பு இருப்பது இந்த மாதிரி இடத்தில்தான். நம் சைவத்தில் பாலும் உண்டு, தோல் செருப்பும் உண்டு. நனிசைவம், அதாவது வீகன், இரண்டையும் விலக்குகிறது. எவ்வளவு ஆழம் தோண்டுவது என்பது அவரவர் முடிவு.

முதலில் போவது அடி

கல்யாணத்துக்கு வாங்கி நான்கு தடவை போட்டு பீரோவில் வைத்த ஷூ, மூன்று நான்கு வருஷம் கழித்து எடுத்துப் போட்டால் பத்தடி நடப்பதற்குள் சோல் புட்டு போல உதிர்கிறது. தேயவே இல்லை, ஆனால் உதிர்கிறது. மட்டமான சரக்கு என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். விலை உயர்ந்த ஷூவிலும் இது நடக்கும். தோல் ஷூவிலும் நடக்கும். காரணம் பி.யூ. சோல்.

பாலியூரித்தேனில் இரண்டு குடும்பங்கள் உண்டு. பாலியஸ்டர் வகை தேய்மானத்துக்கும் எண்ணெய்க்கும் நன்றாகத் தாங்கும், ஆகவே சோலுக்கு அதிகம் பயன்படுவது அதுதான். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள எஸ்டர் இணைப்பைக் காற்றிலுள்ள ஈரமே மெல்ல அறுக்கும். அறுபடும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த இணைப்பு அறுபடுவதை வேகப்படுத்துகிறது. ஆகவே முதல் இரண்டு வருஷம் ஒன்றும் தெரியாது; பிறகு ஒரேயடியாகப் போகும். நீராற்பகுப்பு என்று வேதியியல் புத்தகம் சொல்லும், தொழிலில் ஹைட்ராலிசிஸ் என்றே பேசுவார்கள். பாலிஈதர் வகைக்கு இந்தப் பலவீனம் குறைவு. பாலிகார்பனேட் வகை இன்னும் நன்றாகத் தாங்கும், விலையும் ஏறும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் பாலியஸ்டர் வகைக்கு எதிரி வேறு வேண்டாம்.

இதிலிருந்து வாங்கும் விதி ஒன்று பிறக்கிறது. பெட்டியின் மேல் எம்.ஆர்.பி. ஒட்டியில் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். பி.யூ. சோலுக்கு வயது அந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும் ஷூவின் தேதி மூன்று வருஷம் பழையதாக இருந்தால், அதன் ஆயுளில் பெரும்பகுதியைக் கிடங்கு தின்றுவிட்டது. வைக்கும்போதும் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. நன்றாக உலர்த்தி, அட்டைப் பெட்டியில், காற்று போகிற இடத்தில் வையுங்கள். அடிக்கடி போட வாய்ப்பில்லாத ஷூ என்றால் பி.யூ. சோலே வேண்டாம்.

பி.யூ. சோலை எப்படி அடையாளம் காண்பது? எடை ஓரளவு சொல்லும். பி.யூ. நுரையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.45 முதல் 0.6 கிராம் வரை. ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை 0.15 முதல் 0.25 வரைதான், கையில் எடுத்தால் தக்கை போல இருக்கும். கெட்டி ரப்பர் 1.1க்கு மேல். பி.வி.சி. 1.2 முதல் 1.4 வரை, நான்கிலும் கனமானது. நகத்தால் அழுத்தினால் ஈ.வி.ஏ. தழும்பு வாங்கும், ரப்பர் உடனே திரும்பும், பி.வி.சி. அசையாது.

ஈ.வி.ஏ. ஈரத்துக்கு அஞ்சாது, அதன் எதிரிகள் எடையும் வெயிலும். அதன் நுண்குமிழ்கள் தினசரி மிதியில் நசுங்கி, சில மாதங்களில் மெத்தென்ற தன்மை குறையும். கழுவி மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டால் அல்லது மூடிய காருக்குள் விட்டால் சுருங்கி, ஒரு சைஸ் சிறுத்துவிடும். ஈ.வி.ஏ. கிளாக் செருப்பு திடீரென்று காலைக் கடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நிழலில்தான் காய வேண்டும். டி.பி.ஆர். என்ற, ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக் சோல் ஈர டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பெட்ரோல் பங்க், சமையலறை, மெக்கானிக் ஷெட் பக்கம் ஆகாது. எண்ணெயில் ஊறி வீங்கும். பி.வி.சி. மலிவு, தேய்மானம் பரவாயில்லை, ஈரத் தரையில் வழுக்கும்.

எங்கள் முடிவு, நீண்ட நாள் ஷூவுக்கு ரப்பர் சோல். முடிந்தால் ஓரம் சுற்றித் தைத்த கிண்ண வடிவ ரப்பர் சோல். பசை விட்டாலும் தையல் பிடிக்கும். எடை குறைவாக வேண்டும் என்றால் நடுவில் ஈ.வி.ஏ., தரை தொடும் இடத்தில் ரப்பர். கேட்க வேண்டிய எண் தெரிய வேண்டுமா? பாதுகாப்பு ஷூக்களுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 தரம், 0.9க்கு மேல் அடர்த்தியுள்ள சோல் தேய்ப்புச் சோதனையில் 150 கன மி.மீ.க்கு மேல் இழக்கக் கூடாது என்கிறது. மேல்புறமும் சோலும் ஒட்டிய பிடிப்பு மில்லிமீட்டருக்கு 4 நியூட்டனாவது இருக்க வேண்டும் என்கிறது. மொத்தமாக வாங்கும் பள்ளியோ ஆலையோ இந்த இரண்டு சோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கலாம்.

மேல்புறம்: ரெக்சினிலிருந்து மைக்ரோஃபைபர் வரை

பி.வி.சி. ரெக்சின் மிக மலிவு. காற்றுப் புகாது, தண்ணீரும் புகாது. அதை மென்மையாக வைத்திருப்பது பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய்ப் பொருள். அது நாளடைவில் வெளியேற, மடிப்பு விழும் இடம் விறைத்து வெடிக்கும். குழந்தைக் காலணியில் தாலேட்டுகள் என்ற பழைய வகை பிளாஸ்டிசைசர்கள் இருக்கக் கூடாது. ஐரோப்பா அவற்றில் நான்கை 0.1 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. புது ஷூவில் மூக்கைத் துளைக்கும் பிளாஸ்டிக் நெடி இருந்தால் குழந்தைக்கு வாங்காதீர்கள்.

வீட்டில் ஒரு பழைய துண்டு இருந்தால் பி.வி.சி.யா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. செப்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, துண்டில் ஒருமுறை தொட்டு, மறுபடி தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் குளோரின் இருக்கிறது, அனேகமாக பி.வி.சி. புகை நல்லதல்ல, திறந்த வெளியில் செய்யுங்கள். கடையில் வேண்டாம்.

துணி மேல் பூசிய பி.யூ. அடுத்த படி. தொடுவதற்கு மென்மை, எடை குறைவு, பெரும்பாலான "வீகன் லெதர்" இதுதான். நல்ல ரகத்தில், கரைசலாகப் பூசிய பி.யூ.வைத் தண்ணீரில் முக்கி உறைய வைப்பார்கள். கரைப்பான் வெளியேறிய இடத்தில் நுண்துளைகள் மிஞ்சும். ஓரளவு ஆவி போக வழி கிடைக்கும். மட்ட ரகத்தில் வெறும் படலத்தைத் துணியில் ஒட்டியிருப்பார்கள். இரண்டிலும் பலவீனம் ஒரே இடம்: நடக்கும்போது விரல்கள் மடங்கும் கோடு. அங்கே படலத்தில் மயிரிழை விரிசல் விழும், பிறகு உரியும். உரிந்ததை பாலிஷ் மூடாது, எந்தத் தொழிலாளியாலும் சரிசெய்யவும் முடியாது. அலுவலகத்துக்குத் தினமும் போடுகிறவருக்கு இது ஒரு வருஷம், சில சமயம் ஒன்றரை. மேலே சொன்ன ஹைட்ராலிசிஸ் இந்தப் பூச்சுக்கும் பொருந்தும். போடாத கைப்பை பீரோவில் பிசுபிசுத்து உரிவது இதே வேதியியல்தான்.

மைக்ரோஃபைபர்தான் இந்த வரிசையில் உண்மையான மாற்று. 9,000 மீட்டர் நீளத்துக்கு 1 கிராம்கூட எடை இல்லாத இழைகள், நைலான் அல்லது பாலியஸ்டர். அவற்றை ஊசிகளால் குத்திக் குத்திப் பின்னி, இடைவெளியில் பி.யூ.வை ஊறவைத்து, மேலே மெல்லிய பூச்சு கொடுப்பார்கள். தோலுக்குள் இருக்கும் கொலாஜன் இழைவலையை ஒத்த அமைப்பு. அதனால் எந்தத் திசையில் இழுத்தாலும் கிழியாது, விளிம்பு பிசிறாது, ஷூவுக்குப் பாத வடிவம் கொடுக்கும் லாஸ்ட் கட்டையில் இழுத்து ஏற்றும்போது தோல் போலவே வளையும். ஃபார்மல் ஷூவுக்கு 1.2 முதல் 1.4 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். வியர்வை ஆவி போவதற்கும் அளவு உண்டு: அதே 20345 தரம், மேல்புறத்தில் ஒரு சதுர செ.மீ. வழியாக மணிக்கு 0.8 மில்லிகிராமாவது நீராவி போக வேண்டும் என்கிறது. நல்ல மைக்ரோஃபைபர் இதைத் தாண்டும், ரெக்சின் தாண்டாது. இதிலும் பி.யூ. இருப்பதால் மொத்த வியாபாரியிடம் "ஹைட்ராலிசிஸ் எத்தனை வாரம்?" என்று கேட்க வேண்டும். 70 டிகிரி வெப்பம், 95 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டியில் எத்தனை வாரம் தாங்கியது என்பதுதான் அந்தக் கணக்கு. கேள்வியே புரியாதவரிடம் ஐந்நூறு ஜோடி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

ஒரு குறை எல்லாச் செயற்கை மேல்புறங்களுக்கும் பொது. அமெரிக்க டூபாண்ட் நிறுவனம் 1960-களில் கார்ஃபம் என்ற செயற்கைத் தோலைப் பெரிய செலவில் கொண்டுவந்து, 1971-இல் கையைக் கழுவியது. பளபளப்பு இருந்தது, உழைப்பு இருந்தது, தண்ணீருக்கும் அஞ்சவில்லை. ஆனால் காலுக்கு இளகவில்லை. தோல் போடப் போடப் பாதத்தின் வடிவத்துக்கு நிரந்தரமாக விரியும்; கார்ஃபம் இரவில் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், காலையில் மறுபடி கடிக்கும். இன்றைய மைக்ரோஃபைபர் எவ்வளவோ தேவலை, ஆனாலும் "ரெண்டு நாள் போட்டா லூஸாகிடும் சார்" என்ற கடைக்காரரின் வசனம் இங்கே செல்லாது. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் சாக்ஸோடு அளவு பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் அழுத்தினால் அந்த ஜோடி உங்களுக்கில்லை.

கேன்வாஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பருத்தித் துணி, ரப்பர் சோல், இரண்டையும் சேர்த்து அடுப்பில் வேகவைத்து ஒன்றாக்கிய வல்கனைஸ்டு ஷூ. காற்றோட்டத்தில் எல்லாவற்றையும் வெல்லும், பி.யூ. இல்லாததால் உதிராது, வீகன் சந்தேகமும் குறைவு. மழையில் நனைந்தால் உலர இரண்டு நாள். உலராமல் போட்டால் நாற்றம், பூஞ்சை. உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் சீக்கிரம் உலரும். பாலியஸ்டர் பின்னல் ஷூ வேகமாக உலரும், ஆனால் பெருவிரல் நுனியில் ஓட்டை விழும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வது மலிவான தீர்வு.

அன்னாசி, கள்ளி, ஆப்பிள்

இங்கேதான் பணம் அதிகம் போகிறது, விவரம் குறைவாகக் கிடைக்கிறது. பினாடெக்ஸ் அன்னாசி இலை நாரில் செய்வது. அறுவடைக்குப் பின் வீணாகும் இலையிலிருந்து நார் எடுத்து, சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்ற பாலிமருடன் சேர்த்துத் தகடாக்குகிறார்கள். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 480 இலைகள், அதாவது 16 செடிகள். நல்ல யோசனை. ஆனால் மேலே பூச்சு வேண்டும். அந்தப் பூச்சில் பி.யூ. இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வரும் டெசர்டோ, சப்பாத்திக்கள்ளி மடல் தூளைப் பாலியூரித்தேனில் கலந்து துணி மேல் பூசியது. ஆப்பிள் தோல் என்பது இத்தாலியில் சாறு பிழிந்தபின் மிஞ்சும் சக்கையைத் தூளாக்கி அதே மாதிரி கலந்தது. பெயரில் பழம் இருக்கிறது. காலில் உழைப்பது பெரும்பாலும் பி.யூ. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் நகரிலுள்ள எஃப்.ஐ.எல்.கே. ஆய்வு நிறுவனம் தோல், செயற்கைத் தோல், இந்தப் புதுப் பொருட்கள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சோதித்து 2021-இல் வெளியிட்டது. தோலின் எல்லாக் குணங்களையும் சேர்த்துத் தந்த மாற்று அவற்றில் எதுவும் இல்லை. அந்த நிறுவனம் தோல் தொழிலிலிருந்து வளர்ந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம், சோதனை எண்கள் அதனால் மாறப்போவதில்லை.

பிளாஸ்டிக்கே இல்லாத முயற்சிகளும் உண்டு. அமெரிக்காவின் மிரம் இயற்கை ரப்பரும் தாவர எண்ணெய்களும் சேர்ந்தது. பக்கத்திலேயே கேரளத்தில் மலாய் என்ற பொருள் உருவானது: தேங்காய்த் தண்ணீரில் பாக்டீரியாவை வளர்த்து, அது நெய்கிற செல்லுலோஸ் படலத்தை வாழை நார் போன்றவற்றோடு சேர்த்துத் தகடாக்குவது. பை, பர்ஸ், செருப்பு வார் என்றால் நம்பி எடுக்கலாம். மழையில் ஊறும் மூடிய ஷூவுக்கு, செல்லுலோஸின் தண்ணீர் ஆசையை நினைத்து யோசிக்க வேண்டும். காளான் வேரிலிருந்து வந்த மைலோ பெரிய பிராண்டுகளின் கவனத்தை ஈர்த்து, 2023-இல் உற்பத்தி நின்றுபோனது. ஆகவே இந்த வகையில் வாங்குகிறவர்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: எடையில் எத்தனை சதவீதம் தாவரம், மீதி என்ன, அடித்துணி எது? நேர்மையான நிறுவனம் தன் இணையதளத்திலேயே இதைப் போட்டிருக்கும்.

மண்ணுக்கு எது நல்லது என்ற வாதத்தில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் என்ன செய்தது என்பதற்கு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த வேலூர் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பே சாட்சி. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியது அங்கேதான். மறுபக்கம், பி.யூ. பூச்சு ஆலைகளில் ஓடும் டி.எம்.எஃப். கரைப்பான் தொழிலாளியின் கல்லீரலுக்கு ஆகாது, உரியும் படலம் மண்ணில் மக்காது. விலங்குக்காக வீகன் ஷூ வாங்குகிறீர்கள் என்றால் காரணம் தெளிவாக இருக்கிறது. சூழலுக்காக என்றால், ஒரு வருஷத்தில் உரியும் மூன்று ஜோடி பி.யூ.வை விட நான்கு வருஷம் உழைக்கும் ஒரு ஜோடி மைக்ரோஃபைபர் மேல்.

யாருக்கு எது

அலுவலக ஃபார்மல்: மைக்ரோஃபைபர் மேல்புறம், துணி அல்லது மைக்ரோஃபைபர் லைனிங், ரப்பர் சோல். இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வியர்வை உலர ஒரு நாள் கிடைத்தாலே ஆயுள் கூடும். பள்ளிக் குழந்தை: மைக்ரோஃபைபர் தேவையே இல்லை. கால் வளர்ந்து ஒரு வருஷத்துக்குள் ஷூ சின்னதாகிவிடும். துணி மேல் பி.யூ., வார்த்து இணைத்த டி.பி.ஆர். சோல் போதும். ஆலைத் தொழிலாளி: மைக்ரோஃபைபரில் பாதுகாப்பு ஷூக்கள் கிடைக்கின்றன, தரமுத்திரையைப் பார்த்து வாங்குங்கள்; எண்ணெய்த் தரை என்றால் டி.பி.ஆர். கூடாது. அன்றாடச் செருப்பு: ஹவாய் செருப்பைவிட வீகனான காலணி உலகத்தில் குறைவு, யாரும் அதை அப்படிச் சொல்லி விற்பதில்லை. பழைய டயரில் வெட்டித் தைக்கும் டயர் செருப்பும் அப்படித்தான். அதைத் தேய்த்து முடிக்க ஒரு ஆயுள் போதாது. முதல் வாரம் மட்டும் வார் கடிக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்.சி.ஆர். (நுண்குமிழ் ரப்பர்) செருப்பு என்று கேட்டால் மருந்துக்கடைப் பக்கத்திலேயே கிடைக்கும். நுண்குமிழ் ரப்பரைக் காலணிக்குள் கொண்டுவந்ததில் வேலூருக்குப் பங்கு உண்டு: கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்டும் உடன் இருந்தவர்களும் தொழுநோயால் பாத உணர்ச்சி இழந்தவர்களுக்காக அதைப் பயன்படுத்தினார்கள். பாதம் படும் அடுக்கு, ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் அளவில் சுமார் 15 என்ற மென்மையில் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் சுலபமாக உள்ளே போய்த் திரும்ப வேண்டும். அதற்குக் கீழே கெட்டியான ரப்பர் அடி. ஆணி ஒன்றுகூட இருக்கக் கூடாது, உணர்ச்சி இல்லாத பாதத்தில் ஆணி ஏறினாலும் தெரியாது. பின்வார் கட்டாயம். வார்கள் பல கடைகளில் தோலாக இருக்கும். துணி உள்பக்கம் வைத்த மைக்ரோஃபைபர் வார் போட்டுத் தரச் சொன்னால் செய்து தருவார்கள். விறைப்பான ரெக்சின் வார் வேண்டாம், உராய்ந்து புண்ணாகும். இந்த விஷயத்தில் வீகன் என்பது இரண்டாவது நிபந்தனை.

சோல் விட்டுப்போனால்

செருப்பு தைக்கும் தொழிலாளியிடம் இருக்கும் மஞ்சள் சொல்யூஷன் பெரும்பாலும் நியோபிரீன் பசை, அதாவது மேலே சொன்ன பாலிகுளோரோபிரீன். தோலுக்கும் கெட்டி ரப்பருக்கும் அது போதும். பி.வி.சி.யில் ஒட்டினால் பிடித்தது போலத் தெரிந்து இரண்டு வாரத்தில் விடும். பிளாஸ்டிசைசர் பசைக்குள் ஊறி அதைக் குழைத்துவிடுகிறது. அதற்கு பி.யூ. பசை கேளுங்கள். ஈ.வி.ஏ.வில் பிரைமர் என்ற முன்பூச்சு தடவாமல் எந்தப் பசையும் நிற்காது. டி.பி.ஆர். சோலுக்கு ஆலையில் குளோரின் சேர்ந்த கரைசல் தடவித்தான் ஒட்டுகிறார்கள், தெருவோரத்தில் அந்த வசதி இல்லை. சுற்றித் தையல் போடச் சொல்வதே வழி. மைக்ரோஃபைபர் மேல்புறத்தில் ஒட்டும் ஓரத்தின் பூச்சை உப்புத்தாளால் சுரண்டிவிட்டுத்தான் பசை வைக்க வேண்டும். துணி மேல் பூசிய பி.யூ.வில் அதே சுரண்டல் துணிவரை போனால் ஓரமே கிழியும், ஆகவே கை லேசாக இருக்கட்டும். உதிரத் தொடங்கிய பி.யூ. சோலை ஒட்டவே முயலாதீர்கள். பசை பிடிக்கும், சோல் பிடிக்காது. மேல்புறம் நன்றாக இருந்தால் முழுச் சோலையும் மாற்றலாம்.

பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் பட்டால் ஒட்டாத அளவுக்கு 10 முதல் 15 நிமிடம் காய விட்டு, பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரமாகச் சேர்த்தால் கரைப்பான் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு முழு நாள் போடாமல் வையுங்கள். மேலே பூச என்று தேன்மெழுகு கலந்த பாலிஷ் எதையும் வாங்க வேண்டாம். செயற்கை மேல்புறம் அதை உறிஞ்சாது, தூசிதான் ஒட்டும். ஈரத்துணியும் இரண்டு சொட்டு சோப்பும் போதும்.